நான்காவது பெயர்

ஐந்தாவது பத்தியில்தான் அந்த வரி இருந்தது. மின்னஞ்சலின் முதல் நான்கு பத்திகளில் பேராசிரியர் லிண்ட் நலம் விசாரித்திருந்தார். மட்டக்களப்புச் செய்திகளைத் தினமும் படிப்பதாகவும், படித்துவிட்டு மனம் கனத்துப்போவதாகவும் எழுதியிருந்தார். கட்டுரையை ஒரு பெரிய சஞ்சிகை ஏற்றுக்கொண்டுவிட்டது என்ற நற்செய்தியும் இருந்தது. பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல:

“நீங்கள் எழுப்பிய ஆட்சேபத்தை நாங்கள் எல்லோருமாக இருந்து பார்த்தோம். உங்களுடைய இன்றைய சூழ்நிலையில் கவனம் சிதறுவது மிக இயல்பானது. அதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை.”

அன்னப்பூரணி அதை மூன்று முறை வாசித்தாள். ஒவ்வொரு முறையும் அந்த வரி இன்னும் கொஞ்சம் மரியாதையாகத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் காது மடல் சுட்டது.

கடைக்காரர் முனாப் மேசைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். காத்தான்குடியிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து டவுனில் நான்கு பழைய கணினிகளையும் ஒரு ஃபேக்ஸ் மெஷினையும் வைத்துக் கடை நடத்துகிறவர். ஐம்பது வயது. ஊரே அவரை, அண்ணன் என்ற பொருளில், காக்கா என்றுதான் கூப்பிடும்.

“என்ன டீச்சர், ஆரும் மவுத்தா? முகம் அப்பிடிக் கிடக்கு.”

“இல்ல காக்கா. எனக்குப் புத்தி பேதலிச்சிட்டாம். நல்ல மரியாதையா எழுதியிருக்காங்க.”

“அந்த ஐஸ் வெள்ளக்காரனா?”

“ஓம்.”

“ஐஸுக்கா டீச்சர் இவ்வளவு சண்டை? வேணுமெண்டா மீன்வாடிக்குப் போங்க, கட்டி கட்டியாக் கிடக்கு. உருகினா நான் பொறுப்பு.”

அவள் சிரிக்கவில்லை. ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு மறுபடியும் ஓடத் தொடங்கியது. கடிதத்தோடு இணைத்திருந்த படிவத்தை அச்செடுத்துத் தரச் சொன்னாள்.

விஷயம் இதுதான். சண்டை ஓய்ந்திருந்த காலத்தில், 2003இல், புலமைப்பரிசில் கிடைத்து இரண்டு வருடம் ஐரோப்பாவில் படித்தாள். அங்கே லிண்டின் குழு, இமயத்துக்கு மேற்கே உள்ள ஒரு பனியாற்றின் உயரம் கூடுகிறதா குறைகிறதா என்று செயற்கைக்கோள் அளவுகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பனியாற்றுக்குப் பெயர்கூடக் கிடையாது, பதினேழாம் இலக்கம் என்பார்கள். ஊர் திரும்பி, கம்பஸில் தற்காலிக விரிவுரையாளராக ஒட்டிக்கொண்ட பிறகும் அந்த வேலையை அவள் விடவில்லை. கட்டுரையில் அவளுடையது நான்காவது பெயர். அவளுக்குக் கொடுத்த பங்கு, அசையாத தரையைப் பார்ப்பது.

இரண்டு காலங்களில் எடுத்த உயரங்களில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இடையில் பனி எவ்வளவு மாறியது என்று தெரியும். ஆனால் கழிப்பதற்கு முன்பு அந்த இரண்டு அளவுகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அதற்குப் பனியில்லாத பாறை தேவை. ஐந்து வருடத்தில் பாறை வளராது, தேயாது. பாறையிலேயே வித்தியாசம் காட்டினால் அது கருவியின் பிழை. பாறை பாறையாகத் தேடி அந்தப் பிழையைக் கண்டு திருத்துகிற வேலை அலுப்பானது. மற்றவர்கள் விரும்பாததால் அவளிடம் வந்தது. அவளுக்கோ அது பிடித்திருந்தது. இரவெல்லாம் எறிகணை போகிற ஊரில், அசையாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடித்திருந்தது.

முதல் அளவு 2000 பெப்ரவரியில் விண்ணோடம் ஒன்று பதினொரு நாள் உலகைச் சுற்றி ராடரால் எடுத்தது. இரண்டாவது 2005 செப்டம்பரில், வேறொரு செயற்கைக்கோள் எடுத்த சாதாரணப் படங்களிலிருந்து கணக்கிட்டது. கழித்துப் பார்த்தால் பத்து சென்ரிமீட்டர்கூட வித்தியாசமில்லை. எல்லாப் பனியாறுகளும் தேய்கிற காலத்தில் தேயாத ஒன்று! லிண்டின் குழு துள்ளிக் குதித்தது. கட்டுரையின் தலைப்பிலேயே ‘மாறாத’ என்ற சொல் ஏறிவிட்டது.

பூரணிக்கு அது ஒப்பவில்லை. பெப்ரவரி அங்கே கடுங்குளிர். பனியாற்றின் மேல்பகுதியில் ஈரமே இல்லாத, மாவுபோன்ற புதுப்பனி ஆள் உயரத்துக்கு மேல் கிடக்கும். அந்த விண்ணோடத்தின் பெரிய ராடர் நீண்ட அலையில் வேலை செய்வது. காய்ந்த பனி அதற்குப் பனியே இல்லை. துளைத்துக்கொண்டு போய், கீழே இறுகிக் கிடப்பதில் பட்டுத்தான் திரும்பும். அப்படியானால் 2000இல் அளந்தது மேற்பரப்பு ஆகாது, அதற்குக் கீழே எங்கேயோ ஓர் இடம். உண்மையான மேற்பரப்பு இன்னும் உயரத்தில் இருந்திருக்கும், அதிலிருந்து இறங்கியது கழித்தலில் தெரியாமல் போயிருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள அவளுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. வாவியில் வலைக்குக் கம்பு நடுகிறவர்களின் வீட்டில் பிறந்தவள். கம்பை இறக்கி ஆழம் பார்த்தால் அது சேற்றைத் துளைத்துக்கொண்டு போய்க் களியில்தான் நிற்கும். சேறு எங்கே தொடங்குகிறது என்று கம்புக்குத் தெரியாது. அதனால் அண்ணன் கோணாமலை கம்பின் நுனியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துக் கட்டிக்கொள்வான். சிரட்டை சேற்றின்மேல் தங்கும். தண்ணீர் எவ்வளவு, சேறு எவ்வளவு என்று அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும்.

அந்த விண்ணோடத்திலும் ஒரு சிரட்டை இருந்தது. குறுகிய அலையில் வேலை செய்யும் இன்னொரு ராடர். அவ்வளவு ஆழம் போகாது, ஆனால் இடைவெளி விட்டு விட்டு, பட்டை பட்டையாகத்தான் அளந்திருந்தது. அந்தப் பட்டைகளில் ஒன்று பதினேழாம் இலக்கத்தின் குறுக்கே போனது. பூரணி மூன்று மாதம் இருந்து, நூற்றுப்பன்னிரண்டு இடங்களில் இரண்டு ராடர்களின் உயரத்தையும் ஒப்பிட்டாள். பாறையில் இரண்டும் ஒன்றாக இருந்தன. அடிவாரப் பனியில் அரை மீட்டர் பிசகியது. உச்சிப் பனியில் பிசகு மூன்று மீட்டரைத் தாண்டியது. இதைத் திருத்திவிட்டுக் கழித்தால், மாறாத பனியாறு ஐந்தரை வருடத்தில் சராசரியாக இரண்டு மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது.

எழுதி அனுப்பினாள். பட்டை, பனியாற்றின் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே மூடுகிறது, அதை வைத்து முழுவதையும் சந்தேகிக்க முடியாது என்று பதில் வந்தது. சரி, சந்தேகிக்க முடியாதென்றால் மாறவில்லை என்று சாதிக்க மட்டும் எப்படி முடியும் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது சூழ்நிலை என்ற பதில்.

பிழை என்று சொல்லியிருந்தால் அவள் இன்னும் ஐம்பது இடத்தைப் பார்த்திருப்பாள். பாவம் என்றல்லவா சொல்லிவிட்டார்கள். குண்டுச் சத்தத்துக்குள் இருக்கிறவளுக்குக் கழித்தல் கணக்கு வராதாம்! அந்தப் பனியாற்றின் கீழே ஒரு ஆறு ஓடுகிறது, ஆற்றின் கரையில் வயலும் ஆட்களும் இருக்கிறார்கள். மாறவில்லை என்று பெரிய சஞ்சிகையில் வந்துவிட்டால் இன்னும் பத்து வருடத்துக்கு ஒருவரும் அங்கே எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அச்செடுத்த படிவம் ஒரே பக்கம். எழுதிய ஐந்து பேரும் தனித்தனியே ஒப்பமிட்டு, ஜூன் பதினைந்துக்குள் சஞ்சிகைக்கு ஃபேக்ஸில் அனுப்ப வேண்டும். கடிதத்தின் கடைசி வரி நினைவூட்டியது: கட்டுரை வெளிவந்ததும் செப்டம்பரில் அங்கே அவளுடைய கலாநிதிப் பட்ட ஆய்வுப் படிப்புக்கான இடம் உறுதியாகிவிடும், வீசாவுக்கான கடிதத்தைத் தயாராக வைத்திருக்கிறோம்.

நான்கு வருடம். இந்த ஊரைவிட்டு நான்கு வருடம்.

அமிர்தகழியில் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். வாவியில் இறங்க இப்போது இராணுவத்தின் பாஸ் வேண்டும். காலை ஆறுக்கு முன் தோணி தள்ளினால் சுடுவார்கள். அப்படியான மீன்பிடியில் வலைதான் கிழிகிறது, மீன் இல்லை.

“வந்திட்டா கடுதாசி?” என்றான்.

“வந்திட்டு.”

“ஒப்பம் வைக்கிறதுதானே? பேனை இல்லையா?”

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் ஊசியைக் கீழே வைத்தான்.

“தங்கச்சி, அந்தப் பனி கூடினா என்ன, குறைஞ்சா என்ன? நம்மட வளவுக்குள்ள வந்தா உருகுது? போன கிழமை பின்வளவுப் பொடியன வெள்ள வான்ல ஏத்திட்டுப் போனாங்க. படிச்ச பொடியன். இன்னும் தாய்க்காரி ஒவ்வொரு ஆமிக் காம்பா ஏறி இறங்கித் திரியிறா. நீ இஞ்ச இரிந்து என்ன அளக்கப் போறாய்?”

“பிழையானத சரியெண்டு சொல்லச் சொல்றாங்க அண்ணன்.”

“சொல்லு. சொல்லிட்டு ஓடு. அங்க போய்க் குந்திக்கொண்டு, மறுகா, ஐயோ பிழை போட்டுட்டம் எண்டு இன்னொண்டு எழுது. ஆர் வேணாமெண்ட?”

முனாப் கடையிலிருந்து வரும் வழியெல்லாம் அதே யோசனையைத்தான் அவளும் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். அண்ணன் வாயில் கேட்டபோது அது இன்னும் நியாயமாக இருந்தது. படிவத்தை மடித்து அகராதிக்குள் வைத்தாள். மூன்றாம் நாள், சரி, ஒப்பம் வைப்போம் என்று முடிவுக்கு வந்திருந்தாள். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு பேனையைத் தேடும்போதுதான் வாசல் படலையில் ஆள் கூப்பிட்டது.

வந்தவர் கந்தப்போடி. உன்னிச்சைக் குளத்தின் கீழே வயல்வட்டையில் நெல் செய்கிறவர். பங்குனியில் வாவிக்கு மேற்கே படுவான்கரை முழுவதும் சண்டையில் கிளம்பி ஓடி வந்தபோது, அவரும் குடும்பமும் பூரணி வீட்டுக்கு அருகே உள்ள பள்ளிக்கூடத்தில் இரண்டு மாதம் தங்கியிருந்தார்கள். நிவாரணப் பதிவு எழுதப் போன பூரணியை அவருக்கு நன்றாகத் தெரியும். மே மாதம் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“வாங்க மாமா, இரிங்க. தண்ணி குடிக்கிறயளா?”

அவர் இருக்கவில்லை. படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நீதானே புள்ள அந்தக் கடுதாசியில சாட்சி வச்சது?”

“ஓம் மாமா.”

“சாமித்தம்பிட கால் போயிட்டு.”

சாமித்தம்பி அவருடைய தங்கை மகன். வரம்பு செதுக்கப் போன இடத்தில் மிதிவெடி. ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அதை அவர் மழை பெய்தது என்பதுபோலச் சொன்னார். குரல் உயர்ந்தது அதற்குப் பிறகுதான்.

“அவனுக்கு நிவாரணம் கேட்டு அரசாங்கக் கந்தோருக்குப் போனன். இடம்பெயர்ந்த ஆக்களுக்குத்தானாம் அது. நாங்க விரும்பிப் போன ஆக்களாம். எங்கட விருப்பத்திலதான் போனமாம். அங்க எழுதுற பொடியன் கடுதாசியத் தூக்கிக் காட்டினான். எனக்கு வாசிக்கத் தெரியுமா? அவன் வாசிச்சான். என்ட பேர வாசிச்சான். மறுகா உன்ட பேர வாசிச்சான்.”

பூரணி படலையைத் திறந்துவிட்டாள். அவர் உள்ளே வரவில்லை.

“நான் சண்டைக்கு வரல்ல புள்ள. ஒண்டு கேட்டுட்டுப் போக வந்தன். எங்கட விருப்பத்த நீ எங்க கண்டாய்?”

பள்ளிக்கூட முற்றத்தில் ஆறு பஸ் நின்ற காலை அவளுக்குத் தெளிவாக நினைவிருந்தது. மதிலோரம் துவக்கோடு நின்ற சிப்பாய்கள். இனிமேல் இங்கே அரிசி லொறி வராது என்று ஒலிபெருக்கியில் சொன்ன அதிகாரி. அச்சடித்த தாள்கள்: ‘எங்கள் சுயவிருப்பின்பேரில் எங்கள் கிராமத்துக்குத் திரும்புகிறோம்.’ எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சியாக வேண்டும், டீச்சர் நீங்கள் வாருங்கள் என்றார் அதிகாரி. நாற்பத்து மூன்று தாள். பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள், பக்கத்தில் அவள் ஒப்பமிட்டாள். விரல் வைத்ததைப் பார்த்தேன் என்பதற்குத்தானே சாட்சி, அதற்கு மேல் நமக்கு என்ன என்று அன்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். முப்பதாவது தாளில் கை வலித்தது. வலித்தது கை மட்டும்தான்.

அவள் கண்டது பெருவிரல். எழுதியிருந்தது விருப்பம்.

கந்தப்போடியின் கண்ணை அவளால் பார்க்க முடியவில்லை. தன்மேல் வந்த கோபம் அவளுக்கே புதிதாக இருந்தது. நான்கு நாளாக லிண்டின்மேல் எரிந்துகொண்டிருந்தவள், அவர் செய்ததையே நாற்பத்து மூன்று தடவை செய்திருக்கிறாள். அதுவும் உச்சிப் பனியில் அல்ல, கண்ணுக்கு முன்னால், பெயர் தெரிந்த மனிதர்கள்மேல். லிண்டாவது பார்க்காததைப் பார்த்ததாக எழுதினார். அவள் பார்த்திருந்தாள். பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று அழுத பெண்களைப் பார்த்திருந்தாள்.

“நான் காணல்ல மாமா,” என்றாள். “உங்கட விருப்பத்த நான் காணல்ல.”

“அப்ப?”

“நாளைக்குக் காலையில கந்தோருக்கு வாங்க. நானும் வாறன்.”

அவர் போன பிறகு அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு நேரே முனாப் கடைக்குப் போனாள். அங்கேதான் அதை முதன்முறையாகச் சரியாக வாசித்தாள். ஒப்பமிடும் இடத்துக்கு மேலே இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று, சம்மதம். மற்றது, சம்மதமில்லை. அதன் கீழே காரணம் எழுத இரண்டு கோடு. பள்ளிக்கூடத்தில் வாங்கிய தாளில் ஒரு பெட்டிகூட இருக்கவில்லை.

இரண்டாவது பெட்டியில் கோடிட்டாள். காரணத்தில் எழுதினாள்: ‘பனியின் மேற்பரப்பை இந்த ராடர் காணவில்லை. கண்டதாக எழுதியிருக்கிறோம்.’ நூற்றுப்பன்னிரண்டு இடங்களின் உயரங்களையும் மூன்று பக்கமாக அச்செடுத்துப் பின்னால் வைத்தாள்.

முனாப் தாளை மெஷினில் வைக்குமுன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு ஓரளவு வரும்.

“டீச்சர், இது இல்லை எண்டு சொல்ற பெட்டி.”

“ஓம் காக்கா.”

“கை தவறிப் போட்டயளோ எண்டு கேட்டன்.”

“தவறல்ல.”

“புள்ள, நம்மட ஊர்ல சனம் வெளிய போறதுக்குக் காணி வித்து ஏஜென்சிக்காரன்ட கால்ல விழுகுது. உங்களுக்குப் பாயை விரிச்சு வச்சிக் கூப்பிடுறான். அல்லாவே, நான் இத அனுப்பினா எனக்குப் பாவம் வருமா?”

“அனுப்பாட்டித்தான் வரும்.”

அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். இரண்டு முறை லைன் அறுந்தது. மூன்றாம் முறை நான்கு பக்கமும் போயின.

மறுநாள் காலையிலேயே பதில் வந்திருந்தது. மூன்று வரி. இந்த முறை நலம் விசாரிப்பு இல்லை, செய்தி படித்து மனம் கனக்கவும் இல்லை. சஞ்சிகை கட்டுரையை நிறுத்திவைத்து, அவளுடைய எண்களை வேறொருவரிடம் பார்வைக்கு அனுப்பியிருக்கிறது. இது குழுவுக்கு ஆழ்ந்த ஏமாற்றம். செப்டம்பர் இடத்தைப் பற்றி இனி எந்த உறுதியும் சொல்வதற்கில்லை.

சூழ்நிலை என்ற சொல் அதில் இல்லை. அது ஒன்றுதான் அவளுக்குத் திருப்தி. அதுவும் முனாப் கடைப் படி இறங்குவதற்குள் தீர்ந்துவிட்டது. ஒரு இடம், ஒரு சிறிய அறை, ஜன்னலுக்கு வெளியே சத்தமில்லாத தெரு. அவள் அதை எவ்வளவு விரும்பியிருந்தாள் என்பது போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

அண்ணனிடம் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அப்ப இஞ்சயே கிட,” என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டு வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, காலைப் பாஸின் நேரம் முடிந்திருந்ததால் போக இடமில்லாமல், முற்றத்திலேயே நின்றான்.

கந்தோர் வாசலில் கந்தப்போடி முன்பே வந்து நின்றார். வேட்டி வெளுத்திருந்தது. உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்த எழுதுவினைஞன் இளைஞன், கம்பஸில் அவளிடம் படித்தவன்தான். அவளைக் கண்டு எழுந்தான்.

“மிஸ், என்ன மிஸ் இந்தப் பக்கம்?”

“மே மாசம் திரும்பிப் போன ஆக்களுக்கு நான் சாட்சி வச்சன். நாற்பத்து மூண்டு தாள். அந்தச் சாட்சிய நான் திருப்பி எடுக்கிறன்.”

அவன் எழுந்த இடத்திலேயே நின்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“அப்பிடி ஒரு ஃபோம் எங்கிட்ட இல்ல மிஸ்.”

“தெரியும். நானே எழுதிக்கொண்டு வந்திருக்கன்.”

முழுத்தாளில் எழுதியிருந்தாள். அந்த மக்கள் விருப்பத்தோடு திரும்பியதை நான் காணவில்லை. அவர்கள் பெருவிரல் வைத்ததை மட்டும் கண்டேன். உணவு நிறுத்தப்படும் என்று சொல்லப்பட்டதையும் ஆயுதத்தோடு ஆட்கள் நின்றதையும் கண்டேன். கீழே முழுப்பெயர், முகவரி, ஒப்பம். இரண்டு பிரதிகள்.

அவன் வாசித்தான். வாசிக்க வாசிக்கத் தாளை மேசைக்குக் கீழே தாழ்த்திக்கொண்டே போனான், அடுத்த மேசைக்காரன் பார்த்துவிடாதபடி.

“கொண்டு போங்க மிஸ். உங்களுக்கும் கரச்சல், எனக்கும் கரச்சல். இதக் கண்டா விடுவாங்களா? அட்றஸும் போட்டிரிக்கிறயள்.”

“ஒரு பிரதிய நீ வச்சிக்கொள். மற்றதில கிடைச்சிதெண்டு சீல் அடிச்சித் தா. வேற ஒண்டும் கேக்கல்ல.”

“சீல் பெரியவர்ட மேசை லாச்சிக்குள்ள.”

“அவர் எங்க?”

“கூட்டம். எப்ப வருவாரெண்டு தெரியா.”

கந்தப்போடி நடுவில் புகுந்தார். “தம்பி, எங்கட கடுதாசிக்கு அண்டைக்கு முற்றத்துக்கே வந்து சீல் அடிச்சீங்களே. அது ஆர்ட லாச்சி?”

இளைஞன் கோப்பு ஒன்றை எடுத்து விரித்துக்கொண்டான். பூரணி சுவரோரம் கிடந்த வாங்கில் போய் உட்கார்ந்தாள். கந்தப்போடி ஒருமுறை வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். பத்தரை ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. வந்தவர்கள் எல்லோரும் அவர்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வாசலில் காவல் நின்ற சிப்பாய் இரண்டு தடவை உள்ளே வந்து, யார் என்று கேட்டுவிட்டுப் போனான். அவள் பெயரைச் சொன்னாள். இரண்டாவது தடவை அவன் அதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டான்.

மூன்றரைக்கு இளைஞன் மேசையை ஒதுக்கத் தொடங்கினான். அவளைப் பார்க்காமலே சொன்னான்:

“மிஸ், நாலு மணிக்கு மூடிருவம்.”

“சரி.”

“பெரியவர் இண்டைக்கு வரமாட்டார்.”

“நாளைக்குத் திறப்பீங்கதானே?” என்றாள் பூரணி.